அரை இஞ்ச் மேஸ்திரியின் அடுக்களை ஜன்னல்

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் அரை இஞ்ச் மேஸ்திரி. இரண்டு சீட்டுக்கு நடுவில் அரை இஞ்ச் இடம் சும்மா கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அங்கே ஒரு கொக்கியாவது, குடை செருக ஒரு குழாயாவது பொருத்திவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். சரி, வீட்டுக்கு வந்த பிறகாவது மனுஷன் சும்மா இருப்பாரா என்றால், வீட்டிலும் அரை இஞ்சுகள் இருந்து தொலைக்கின்றனவே.

முதல் மாடியில் வீடு. அடுக்களை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அதற்கு ஒரே ஒரு ஜன்னல், பெரிய தாம்பாளம் ஒன்றை நிமிர்த்தி வைத்தால் மூடிக்கொள்ளும். இத்தனை வருஷமாக இந்த ஜன்னல் எப்படி அவர் கையில் சிக்காமல் தப்பித்தது என்று அவர் மனைவிக்கே ஆச்சரியம். ஒரு விடுமுறை நாளில் அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. பட்டபிறகு கேட்கவா வேண்டும்?

முதலில் ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு தட்டு வந்தது. தட்டின்மேல் புதினாத் தொட்டியும் மல்லித் தொட்டியும் வந்து உட்கார்ந்தன. மேலே ஒரு கம்பி போட்டுக் கரண்டிகளைத் தொங்கவிட்டார். கீழே காய் நறுக்க ஒரு மடக்குப் பலகை. பஸ்ஸில் பயணிகள் பை வைக்கிற வலைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வெங்காயத்தை அதில் ஏற்றினார்.

"ஏங்க, இது ஜன்னலா, சந்தைக் கடையா?" என்றாள் மனைவி.

"சின்ன ஜன்னல்னு அலட்சியமா நெனைக்காத. இன்னும் எவ்வளவு இடம் இருக்கு தெரியுமா?"

அதுதான் அவளுக்குக் கவலை. ஏனென்றால் அந்த ஜன்னலை அவள் ஏற்கெனவே ஒரு காரியத்துக்கு வைத்திருந்தாள். அது அவருக்குத் தெரியாது.

இவர்களுக்கு ஒரே மகள். அப்பாவிடமே வேலை கற்றவள். "என்னையே மிஞ்சிடுவா பாருங்க" என்று பட்டறை முழுக்கத் தம்பட்டம் அடித்தவரும் அவர்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் செய்தாள் மகள். ஊருக்கு அந்தப் பக்கத்துப் பட்டறையில் கூப்பிட்டு மேற்பார்வை வேலை கொடுத்தார்கள், போய்விட்டாள். அந்தப் பட்டறை முதலாளிக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். எப்போதோ ஒரு பஸ் கதவுக்குக் கீல் எந்தப் பக்கம் வைப்பது என்று ஆரம்பித்த சண்டை அது. கதவு பழைய இரும்புக்குப் போயும் சண்டை போகவில்லை.

"அந்த ஆளோட வேன்ல ஏறினா இந்த வீட்டுப் படி ஏறாத. இனிமே உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்!" என்று மேஸ்திரி கத்தினார்.

மகள் மட்டும் என்ன, அவர் வீம்பில் பாதியாவது இல்லாமலா பிறந்திருப்பாள்? பையைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆனால் சித்தி வீட்டு வாசலுக்கே வருகிற பட்டறை வேனை விட்டுவிட்டு, தினமும் காலையில் நடந்து வந்து இந்தத் தெருமுனையில்தான் ஏறினாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த முனை ஒரு கீற்றுப்போலத் தெரியும். அவள் அண்ணாந்து பார்ப்பாள், அம்மா கையாட்டுவாள். அப்பா குளியலறையில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கும் நேரம் அது. அவர் பாட்டு முடிவதற்குள் இங்கே சைகையிலேயே ஒரு குடித்தனம் நடந்து முடிந்துவிடும். சாப்பிட்டியா? இருமல் விட்டதா? அப்பா எப்படி? கடைசிக் கேள்விக்கு அம்மா தன் மூக்கு நுனியைத் தொட்டுக் காட்டுவாள். கோபம் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மதியம் அம்மா மருத்துவமனைச் சலவைக் கூடத்துக்கு வேலைக்குப் போனாலும், மலைபோலக் குவிந்த துணிகளுக்கு நடுவே அந்தக் கையாட்டலை நினைத்துக்கொண்டுதான் அவள் பொழுதைத் தள்ளினாள்.

இப்போது முதலில் மகளின் கால் மறைந்தது, மல்லித் தொட்டியால். பிறகு இடுப்பு, புதினாவால். கரண்டிகள் தொங்கியபிறகு கழுத்துக்கு மேலே பாதி முகம்தான் மிச்சம்.

அவரிடம் உண்மையைச் சொன்னால் ஜன்னலுக்கே பலகை அடித்துவிடுவார். அதனால் மனைவி கமுக்கமாக வேலையில் இறங்கினாள். புதினாவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினாள். அது வாடியதும், "மண்ணு சரியில்ல" என்று அவர் இன்னும் பெரிய தொட்டியாக வாங்கி வந்தார். வலைத்தட்டின் திருகைத் தளர்த்திவிட்டாள். வெங்காயம் உருண்டோடியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷமே ஏதாவது கழன்று விழுவதில்தானே இருக்கிறது! முன்னைவிடத் தடித்த திருகு போட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் திருட்டுத்தனம்கூடப் பலிக்காது.

கடைசியில் அவள் சலித்துப்போய், "ஒரே இருட்டுங்க. சட்டியில என்ன வேகுதுன்னே தெரியல. எல்லாத்தையும் கழட்டுங்க" என்றாள்.

"வெளிச்சந்தானே வேணும்? இரு."

மறுநாள் பழைய பஸ் ஒன்றின் பக்கக் கண்ணாடியோடு வந்தார். ஜன்னலுக்கு வெளியே அதைத் தாங்கியோடு முடுக்கினார். வானத்து வெளிச்சத்தை வாங்கி அடுப்பின்மேல் வீசுமாம். காலையில் வெயில் எப்படி விழுகிறது என்று பார்க்க, பாட்டையும் குளியலையும் தள்ளிவைத்துவிட்டு, டீயோடு முக்காலியில் உட்கார்ந்தார். மகள் முனைக்கு வருகிற நேரம் அது.

அவர் கையை நீட்டிக் கண்ணாடியைத் திருப்பினார். வானம் வந்தது. எதிர் வீட்டுச் சுவர் வந்தது. பிறகு தெருமுனை வந்தது, அதில் தலையைத் தூக்கி ஜன்னலைத் தேடிக்கொண்டிருக்கும் மகள் வந்தாள்.

கண்ணாடியைப் பிடுங்கித் தெருவில் எறியப் போகிறார் என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவரோ டீயை உறிஞ்சினார். பிறகு கண்ணாடியை ஒரு மயிரிழை திருப்பினார். மகள் நட்டநடுவில் வந்து நின்றாள்.

அதன்பிறகு காலையில் அவருக்கு முன்னால் யாரும் அடுக்களைக்குள் நுழைய முடியவில்லை.

"யாரோ மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு சொன்னாங்களே," என்றாள் மனைவி.

"நான் எங்க மூஞ்சியப் பார்த்தேன்? கண்ணாடியப் பார்க்கறேன். வெளிச்சம் சரியா விழுதான்னு."

"ஓகோ."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பட்டறையில சோறு கீறு போடறதில்லையா? கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது" என்றார்.

"யாருக்கு?"

"பொதுவாச் சொன்னேன்."

எத்தனையோ பஸ்ஸுக்குக் கண்ணாடி மாட்டிய கை அது. டிரைவர் பின்னால் இருப்பவர்களைப் பார்த்தால், பின்னால் இருப்பவர்களும் டிரைவரைப் பார்க்கலாம் என்பது அவருக்குத் தெரியாதா? தன் வீடு என்று வந்ததும் மறந்துவிட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான். போதாக்குறைக்கு, காய் நறுக்க வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி, அவர் தலைக்கு மேலிருந்த விளக்கை மனைவி தினமும் தவறாமல் போட்டுவைத்தாள். நறுக்குவதற்குக் காய் இல்லாத நாளிலும் போட்டாள். கண்ணாடியில் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது. மகளும் சாமர்த்தியக்காரி, எதையும் பார்க்காதவள் மாதிரியே நாட்களை ஓட்டினாள்.

ஒரு நாள் வேன் வரத் தாமதமானது. மகள் நேராகக் கண்ணாடியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். மேஸ்திரி டீ டம்ளரோடு அப்படியே உறைந்துபோனார். அதற்குள் கீழேயிருந்து தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல்.

"அப்பா! தாங்கியத் தலைகீழா மாட்டியிருக்கீங்க! மழை பெஞ்சா தண்ணியெல்லாம் உள்ளதான் எறங்கும்!"

மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. புதினாவையும் மல்லியையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, கரண்டிகள் கடகடவென்று ஆட, ஜன்னலில் முகத்தைப் பதித்தார்.

"யாரு தலைகீழா மாட்டினா? எனக்கே பாடம் சொல்றியா? தெருவுல நின்னு கூவாத! தெரியும்னா மேல ஏறி வந்து காட்டு!"

சொல்லிவிட்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கோபத்தில் வாய் தவறி வந்த வார்த்தை, அடுத்த மூச்சில் வாபஸ் வாங்கிவிடுவாரோ என்று அவளுக்குப் பதறியது. அதே நேரம் பார்த்து வேனும் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஏறிப் போய்விடாதே கண்ணு, இன்னிக்கு மட்டும் போய்விடாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். மகள் வேனைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள். டிரைவரிடம் ஏதோ சொன்னாள். வேன் நகர்ந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்கும் முன்பே மனைவி கதவைத் திறந்துவைத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மகள் அம்மாவின் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டு, நேரே அடுக்களைக்குள் போனாள். அப்பாவைத் தாண்டிக் கையை நீட்டித் தாங்கியை ஆட்டிப் பார்த்தாள், திருகைத் தடவிப் பார்த்தாள். அவர் ஜன்னலையே பார்த்தபடி நின்றார்.

"சரியாத்தாம்ப்பா இருக்கு," என்றாள் மகள் மெதுவாக.

"தெரியும்," என்றார் அவர், திரும்பி அவள் முகத்தைப் பார்த்து.