டயல் நேராக்கிய சக்

எங்கள் பட்டறையில் அவருக்கு டயல் என்றுதான் பெயர். சுழலும் இரும்பு எத்தனை கோடு ஆடுகிறது என்று முள்ளால் காட்டும் டயல் கேஜ் கையில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. முதலாளி அவருடைய மனைவிக்குத் தம்பி. சொந்தமாயிற்றே, சலுகை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களைவிடத் திட்டுத்தான் கூடுதல்.

அவருடைய லேத்தில் இரும்புத் தண்டைக் கவ்விச் சுழற்றும் சக் தேய்ந்து, வாய் அகன்றுபோயிருந்தது. மூன்று தாடைகளும் அடிப்பக்கத்தில் மட்டும் பிடிக்கும். தண்டின் நுனி குடிகாரன் மாதிரி தள்ளாடும். பதினோரு வருடமாக இரண்டாவது தாடைக்கு அடியில் செய்தித்தாள் துண்டைச் செருகி, அங்கே இங்கே தட்டி, எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார். வேறு யார் தொட்டாலும் வேலை பாழ். புது சக் கேட்டால் முதலாளியிடம் ஒரே பதில்தான்: "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மாமா."

போன மாதம் டயலுக்குக் காய்ச்சல். நான்கு நாள் வேறொருவர் ஓட்டியதில் நாற்பது உருப்படிகள் திரும்பி வந்தன.

"இனி ஒண்ணு திரும்பி வந்தாலும் லேத்தத் தூக்கிடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினான் அந்தப் புண்ணியவான்.

ஞாயிற்றுக்கிழமை டயல் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். சக்கைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினார். அரைக்கும் தூசி படாமல் லேத்தின் மேல் ஈரத்துணி போர்த்தினார்.

"தாடையச் சும்மா விட்டு அரைச்சா என்ன?" என்றேன்.

"ஆடிக்கிட்டே அரைபடும். தண்டப் புடிக்கிற மாதிரியே வெறைச்சு நிக்கணும்யா."

தாடை நுனிகளை ஒரு வளையத் தகட்டில் மாட்டி இறுக்கி, சின்ன அரைக்கல்லால் மயிரிழை மயிரிழையாக அரைத்தார். சாயங்காலம் தண்டை மாட்டி கேஜை வைத்தோம். முன்பு இருபது கோடு ஆடிய முள் இரண்டுக்குள் நின்றது. கழற்றி மாட்டினோம், அதே இரண்டு. மனுஷன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இவ்வளவு நேராக ஓடும் லேத்தை நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று முதலாளிக்கு மூளை வேலை செய்திருக்கிறது. புதன்கிழமையே ஒருவரைக் கூட்டிவந்தான். வந்தவர் சோதித்துவிட்டு டயலிடம் கேட்டார்: "இத ஓட்டப் பழகின ஆள் வேணுமா? வேணும்னா உங்களையும் கூட்டிட்டுப் போயிடுறேன்."

'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் முழங்கையால் இடித்துக்கூடப் பார்த்தேன். டயலுக்கு முகமெல்லாம் பெருமை.

"பழக்கமா? யாரு மாட்டினாலும் ரெண்டுக்குள்ள ஓடுங்க!"

"அப்ப சரி," என்று அவர் விலை பேச முதலாளி பக்கம் திரும்பிவிட்டார். லேத்தோடு டயலின் வேலையும் போனது.

மாலையில் டயலை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். விஷயம் கேட்டதும் அவர் மனைவி, "என் தம்பியா வேண்டாம்னான்?" என்றார்.

"அவன் கிடக்கிறான். நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யில்ல," என்றார் டயல்.

ஐம்பத்தாறு வயதில் அவரை எந்தப் பட்டறை எடுக்கும்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டயலைத்தான் ஓங்கி அறையலாம் போலிருந்தது.