சரோஜா மிஸ்ஸி எந்தப் பிள்ளையையும் திருப்பியதில்லை

சரோஜா மிஸ்ஸி இன்று காலை போய்விட்டார்... ரவாங்கில், மகள் வீட்டில்.

எண்பதுகளில் கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்து கிளினிக்கில் பிரசவம் பார்த்த நர்ஸ். எங்கள் ஆட்களுக்கு நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான்.

தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து ஒரே புகழ்ச்சி. "வயித்துல தலை மேல இருக்கிற புள்ளையக் கையாலேயே திருப்பிடுவாங்க, கைராசி!"

ஐயோ, போதும் லா! அவர் ஒரு பிள்ளையைக்கூடத் திருப்பியதில்லை.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தலை மேல இருக்கு. நேரம் இருக்குடி, அதுவா திரும்பும். யாரையும் அமுக்க விடாதே" என்றார்.

அடுத்த முறை போனபோது தலை கீழே வந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்... "மிஸ்ஸி கை வெச்சாங்க, புள்ள திரும்பிருச்சு" என்று குழாயடியில் நின்று லயத்து வீடுகள் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

மறு வருடம் பக்கத்து வீட்டு லெட்சுமிக்கு ஒன்பதாம் மாதத்திலும் தலை மேலேயே. மிஸ்ஸி பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"திருப்பணும்னா அங்க டாக்டர்தான் செய்யணும். புள்ளையோட துடிப்பைப் பாத்துக்கிட்டே செய்வாங்க, கோளாறுன்னா உடனே ஆபரேஷன். இங்க என்கிட்ட என்னம்மா இருக்கு?"

லெட்சுமியின் மாமியார் கேட்டால்தானே! "பக்கத்து வீட்டுக்காரிக்குத் திருப்பினாங்க, நமக்கு மட்டும் மாட்டாங்களாமா?" என்று, எண்ணெய் தேய்க்கிற ஒருத்தியைக் கூட்டிவந்து வயிற்றை அமுக்கித் திருப்ப வைத்தார்.

ரத்தம் நிற்கவில்லை. உள்ளே நஞ்சுக்கொடி கழன்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

தோட்டத்து வேனில் மிஸ்ஸிதான் கூடப் போனார். லெட்சுமி பிழைத்தாள்... பிள்ளை பிழைக்கவில்லை.

மறுநாள் மிஸ்ஸி குழாயடிக்கே வந்துவிட்டார். "எவடி சொன்னா, நான் திருப்புவேன்னு?"

என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

அதற்குப் பிறகும் அவனுக்கு ஊசி போடப் போகும்போதெல்லாம் என்னிடம் சிரித்துத்தான் பேசினார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா... இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது அதே பொய், மாலை போட்ட போட்டோவோடு. அதைப் படித்துவிட்டு இன்னொருத்தி எண்ணெய் தேய்க்கிற யாரிடமோ வயிற்றைக் காட்டிக்கொண்டு போய் நிற்பாள். ப்ளீஸ், அந்த மெசேஜை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

மிஸ்ஸி... நான்தான் சொன்னேன். என்னை ஒரு வார்த்தை திட்டாமலே போயிட்டீங்களே.