உம்மா நடந்தால் அணையும் விளக்கு

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பழசையெல்லாம் மறந்துவிடு என்று யாராவது சொன்னால் அவர்கள் மேலும் கோபம் வருகிறது.

அப்போது நான் பதினோராம் ஆண்டு. அடுத்து உயர்தர வகுப்பில் கணிதம் படிக்க எங்கள் பெண்கள் பள்ளியில் வழியில்லை. கல்முனையில் ஆண்களும் படிக்கிற பள்ளிக்குத்தான் போகவேண்டும். வாப்பா ஒரு நிபந்தனை வைத்தார். "விஞ்ஞானக் கண்காட்சியில ஒண்ட சாமானப் பரிசுக்கு எடுத்தா போ. எடுக்காட்டி ஆர்ட்ஸ் படி."

என் சாமான் ஒரு நிலைமின் உணரி. ஒன்பது வோல்ட் பற்றரி, ரேடியோ திருத்துகிற கடையில் வாங்கிய திரான்சிஸ்டர், சிவப்பாக எரியும் சின்ன விளக்கு, மேலே நீட்டி நிற்கும் செப்புக் கம்பி. தலைமயிரில் தேய்த்த சீப்பைக் கிட்டக் கொண்டுபோனால், தொடாமலே விளக்கு அணையும். கம்பியின் நீளத்தை மாற்றி மூன்று செய்தேன். எது எவ்வளவு தூரத்தில் சீப்பைக் கண்டுபிடிக்கிறது என்று சீமெந்துத் தரையில் சோக்கால் கோடு போட்டுப் பார்த்தேன். ஃபேன் ஓடினால் அதன் மின்சாரத்துக்கும் விளக்கு துடிக்கும், அதனால் ஃபேனை நிறுத்த வேண்டும். வறண்ட கச்சான் காற்று வீட்டை அடுப்பாக்குகிற காலம் அது. வாப்பா முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நீளக் கம்பி வைத்தது மட்டும் சீப்பு இல்லாமலே சும்மா சும்மா அணைந்தது. கழற்றி, திரும்பப் பற்றவைத்து, அழாத குறை. பிறகுதான் பிடிபட்டது. உம்மா வெளியே போய் வந்து அபாயாவோடு பக்கத்தால் நடக்கும்போதெல்லாம் அணைகிறது. வறண்ட காற்றில் அந்தப் பொலியெஸ்டர் துணி உரசி உரசி மின்னேறுகிறது.

"அப்ப நானும் கரண்ட் கம்பியா?" என்று உம்மா சிரித்தார். எனக்காக அபாயாவோடு வாசலுக்கும் மேசைக்குமாக நடந்து நடந்து காட்டினார். சீப்பை ஒரு முழத்தில் கண்டுபிடித்தது, உம்மாவை வாசலிலேயே கண்டுபிடித்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கண்காட்சி அன்று மண்டபம் நிறைய உம்மாமாரும் ரீச்சர்மாரும். என் மேசையைச் சுற்றி ஒரே அபாயா. நீளக் கம்பி வைத்ததைத்தான் கொண்டுபோயிருந்தேன்; விளக்கு அணைந்து எரிந்து அணைந்து பைத்தியம் பிடித்து நின்றது. நடுவராக வந்த சேர் கம்பியை ஆட்டிப் பார்த்து, "லூஸ் கனெக்ஷன்" என்றார்.

"லூஸ் இல்ல சேர். அபாயா உடுத்தவங்க கொஞ்சம் தள்ளி நிண்டா சரியா வேலை செய்யும்."

"அபாயா உடுத்தவங்கள ஏன் தள்ளி நிக்கச் சொல்றாய்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைக் கேட்க அவர் நிற்கவில்லை. "உடுப்பக் குறை சொல்றதெல்லாம் விஞ்ஞானம் இல்ல மகள்" என்று அடுத்த மேசைக்குப் போனார். அங்கே அப்பச்சோடாவால் பொங்குகிற எரிமலை. அதைத்தான் எடுத்தார்கள். நானும் அன்றாடம் அபாயா உடுத்துகிறவள்தான் என்பது அந்த மனிசனுக்குத் தெரியாதா என்ன?

நான் வீட்டுக்கு வருமுன்னே கதை வந்துவிட்டது. அசர் தொழுதுவிட்டு வந்த வாப்பா, "அபாயாவப் பத்தி நீ என்ன கதைச்சாய்?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் உம்மா ஃபேனை நிறுத்தினார். உணரியை மேசையில் வைத்து, அபாயாவை உடுத்து, வாசலிலிருந்து நடந்து வந்தார். விளக்கு அணைந்தது. விலகிப் போனார், எரிந்தது. அபாயாவைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் உடுக்கிற பருத்திச் சட்டையோடு அதே வழியால் நடந்தார். விளக்கு அசையாமல் எரிந்தது.

வாப்பா எழும்பி வந்தார். சீப்பை எடுத்துத் தன் தலையில் தேய்த்து, என் சோக்குக் கோட்டில் குந்தி நீட்டிப் பார்த்தார். அணைந்தது.

"ஓம், சரியாத்தான் வேலை செய்யுது" என்றார்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வாப்பா போய் ஃபேனைப் போட்டார்.

"ஊர் வாய மூட உம்மாவ ஊரெல்லாம் நடக்க வெச்சுக் காட்ட ஏலுமா? ஆர்ட்ஸ் படி."

என்னை நம்பாமல் அப்படிச் சொல்லியிருந்தால் என்றைக்கோ மன்னித்திருப்பேன். நம்பின பிறகுதான் சொன்னார்.