அக்கா சொன்ன வலப்பக்கம்

போன சனிக்கிழமை காலை நானும் என் அக்காவும் பனிமலைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனோம். நான் இருந்தது மெல்பேர்ணுக்கு வெளியே ஒரு மலைப்பாதையில். அவள் இருந்தது ரொறன்ரோவில், தன் வீட்டுக் கதிரையில்.

அதெப்படி என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருடத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினோம். அவள் கனடாவுக்கு, நான் அவுஸ்திரேலியாவுக்கு. கனடாவில் முதல் பனி கொட்டிய அன்றே அக்கா போன் எடுத்தாள். "எடியே, ஒருக்கா இஞ்ச வா. உன்னைப் பக்கத்தில இருத்திப் பனிக்குள்ள கார் ஓடிக் காட்டுறன்."

அப்போது அவளுக்குக் கார் ஓட்டவே தெரியாது! ஊரில் சைக்கிளில்கூடப் பின்னால் இருந்துதான் போனவள். ஆனால் சொன்னபடியே பழகினாள். ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை, விடிய முன்னமே ஷிப்ட். ரோட்டில் பனி வழிக்கும் வண்டி வருவதற்கு முன் அவளுடைய பழைய கார் போய்விடும். அத்தான் இறந்த பிறகு வீட்டைத் தாங்கியது அந்தக் காரும் அவளும்தான்.

நானோ... அடுத்த வருஷம் வாறன் அக்கா என்றேன். அடுத்த வருடம் இங்கே கிரெய்கிபர்னில் வீடு வாங்கினோம். அதற்கடுத்த வருடம் மகள் பிறந்தாள். பிறகு மகளுடைய பரீட்சை, பிறகு கொரோனா. உங்கள் வீட்டிலும் இப்படித்தானே? லண்டனில் ஒரு கல்யாணத்தில் மட்டும் ஒருமுறை சந்தித்துக்கொண்டோம். அங்கே மழைதான் பெய்தது.

போன வருடம் அக்காவுக்குக் கண்ணில் பிரஷர் என்றார்கள். ஓரப் பார்வை போய்விட்டது. மிச்சப் பார்வை எவ்வளவு காலம் நிற்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. லைசென்ஸ் போயிற்று, காரை மகன் விற்றுவிட்டான். அக்கா அழவில்லை. பஸ் இருக்குத்தானே என்றாள். ஆனால் அதற்குப் பிறகு போனில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அவள் பனிக்குள் கார் ஓட்டிய கதையில் வந்துதான் நிற்கும்.

அதனால்தான் இந்தப் பனிக்காலத்தில் அவளிடம் சொன்னேன் — "நாங்கள் மலைக்குப் போறம் அக்கா. போனில இருந்து நீங்கள்தான் கார் ஓட வேணும்."

உடனே கேட்டாள்: "என்ன டயர் போட்டிருக்கிறாய்?"

என் கணவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பனியில் ஓட்ட மாட்டேன் என்று வீட்டு வாசலிலேயே அறிவித்துவிட்டார். பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீ நிறைத்த சுடுதண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் வந்தார். நம் ஆட்கள் நிலவுக்குப் போனாலும் அந்தப் போத்தல் இல்லாமல் போக மாட்டார்கள்.

மலையடிவாரத்தில் டயருக்குச் சங்கிலி வாடகைக்கு எடுத்தோம். இங்கே அதைக் கொண்டுபோகாமல் மேலே விட மாட்டார்கள். அக்காவுக்கு போன் போட்டுச் சங்கிலி என்றதும் அவள் சிரித்த சிரிப்பு! யானையோ கொண்டு போறாய் என்று கேட்டாள். அவளுடைய ஊரில் பனிக்காலத்துக்கென்று தனி டயர். சங்கிலியை அவள் கண்ணாலும் கண்டதில்லையாம்.

கடை வாசலில் நாங்கள் சங்கிலியோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் முன் கண்ணாடியில் ஐஸ் பிடித்துவிட்டது. என் கணவர் போத்தலின் மூடியைத் திறந்தார். சுடச்சுடப் பிளேன்ரீயை ஊற்றினால் ஐஸ் கரையுமாம். ரொறன்ரோவில் இருந்த அக்காவுக்கு மூடி திறக்கும் சத்தம் கேட்டதோ என்னவோ... என்ன செய்யிறார் என்றாள். சொன்னேன். கண்ணாடி வெடிக்கும், ஊத்த வேண்டாமெண்டு சொல்லு, சுரண்டி எடுங்கோ என்றாள். கணவர் மூடியை மூடிவிட்டுத் தன்னுடைய கடனட்டையால் சுரண்டத் தொடங்கினார்.

பிறகு ஏற்றம். போன் கைப்பைக்குள், அக்காவின் குரல் மட்டும் காரின் ஸ்பீக்கரில். பொலிஸ்காரர் யாராவது இந்தப் பத்தியை வாசித்தால் குறித்துக்கொள்ளவும்.

ஆறுதலா, மெல்ல ஓடு என்றாள். முன்னால் போகிற காருக்கும் உனக்கும் நடுவில் ஒரு வீடு கட்டுகிற அளவு இடம் விடு என்றாள். வழுக்கினால் பிரேக்கில் ஏறி நிற்காதே, காலை எடு, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து மெல்லமாய்ப் பிடி என்றாள். அவள் குரலே மாறியிருந்தது. கண் டாக்டரிடம் போய்வந்து பேசுகிற குரல் இல்லை அது. பழைய அக்கா. எனக்கு வழி நெடுக அழுகையும் சந்தோஷமுமாக வந்துகொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் மரங்கள் வெள்ளையாக நின்றன. பனி கொட்டத் தொடங்கியது. ஒரு வளைவு. எதிரே மேலிருந்து ஒரு பெரிய பஸ் இறங்கி வந்தது. அக்கா, பஸ் ஒன்று வருகுது என்றேன்.

"பதறாதை. வலப்பக்கமா ஒதுங்கு."

ஒதுங்கினேன்!

இருபத்தைந்து வருடமாக இடப்பக்கம் ஓட்டுகிற நான், அக்கா சொன்னவுடன் வலப்பக்கம் வளைத்தேன். அவள் சொன்னால் முதலில் செய்வது, பிறகு யோசிப்பது — சின்ன வயதுப் பழக்கம். பஸ்ஸின் ஹோர்ன் காதைப் பிளந்தது. கணவர் கத்தினார். என் கால் பிரேக்கைத் தேடிப் போனது... போய், நின்றது. காலை எடு என்று அவள்தானே சொன்னாள்? எடுத்தேன். இடப்பக்கத்து மரங்களைப் பார்த்து மெல்லமாய்ப் பிடித்தேன். கார் ஒரு தரம் ஆடிவிட்டுச் சொல்வழி கேட்டது. பஸ் எங்களை உரசுகிற மாதிரிக் கடந்து போனது.

கொஞ்சம் மேலே ஒதுக்கிடம் ஒன்றில் நிறுத்தினேன். கணவர் பிளேன்ரீ ஊற்றித் தந்தார்.

"அக்கா," என்றேன், "இஞ்ச இடப்பக்கம். உங்கட ஊரிலதான் வலப்பக்கம்."

ஸ்பீக்கரில் அவள் வீட்டு ஃபான் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. எங்களுக்குப் பனிக்காலம் என்றால் அவளுக்கு வெயில்தானே.

"தெரியும்தானே எனக்கு..." என்றாள் கடைசியில். "நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான். வேலைக்குப் போற என்ர ரோட்டில போய்க்கொண்டிருந்தனான். எல்லாம் வடிவா, தெளிவாத் தெரிஞ்சுது."

அத்தான் செத்த வீட்டில்கூட எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு திரிந்த என் அக்கா, அந்த ஸ்பீக்கருக்குள் இருந்து அழுதாள். நானும் அழுதேன். இத்தனை வருடத்தில் எனக்கு அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை வந்ததில்லை. போனில் பேசிப் பேசியே சமாளித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறோமே... ஒருவர் எந்த ரோட்டில் நிற்கிறார் என்று போனில் தெரிவதில்லை.

இன்னும் கொட்டுதோ என்று கேட்டாள். ஓம் என்றேன். கார்க் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். இறக்கினேன், குளிர் முகத்தில் அறைந்தது.

"பொறு, ஃபானை நிப்பாட்டுறன்."

நிறுத்தினாள். பனி விழும்போது சத்தம் ஏது? ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஓம்," என்றாள் அக்கா மெல்ல. "கேக்குது."

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே டிக்கெட் போட்டேன். டிசம்பரில் போகிறேன், அங்கே பனி கொட்டுகிற காலத்தில். பனி தெரிகிற அளவுக்கு அவளுக்குக் கண் தெரிகிற காலத்தில். வாடகைக் கார் எடுத்து அவளுடைய வேலை ரோட்டில் அவளை ஏற்றிக்கொண்டு போவதாகத் திட்டம். காட்டுகிறேன் என்றவள் அவள், காட்டப்போவது நான்.

நீ அங்கே பக்கம் மாறி ஓட்டி எங்கேயாவது இடிக்கப்போகிறாய் என்கிறார் கணவர். இடிக்க மாட்டேன். அந்த ஊரில் ஸ்டியரிங் இடப்பக்கம், பக்கத்து சீட் வலப்பக்கம்.

இனி அவள் வலப்பக்கம் என்று சொன்னால் எனக்குப் பயமில்லை... அந்தப் பக்கத்தில்தான் அக்கா இருப்பாள்.