தம்பி ஊதாத கசெட்

கசெட் ரெக்கோடரின் சிவப்புப் பொத்தானையும் அதன் பக்கத்துப் பொத்தானையும் இரண்டு விரல்களால் ஒன்றாக அமுக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். பிறகு நாடா சுற்றத் தொடங்கும் மெல்லிய உரசல் கேட்கும். பதினொரு வயதில், அந்த உரசல் கேட்ட பிறகுதான் நான் வாயைத் திறப்பேன். கதை எழுதத் தொடங்குவது எப்படி என்று என்னிடம் வருகிற பிள்ளைகள் முதல் வரியைப் பற்றியும் பாத்திரங்களின் பெயரைப் பற்றியும் நாளுக்கு எத்தனை பக்கம் என்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்விகள்தான், ஆனால் எனக்குப் பதில் தெரியாது; தெரிந்ததாக நடிக்கிற பொறுமையும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்ன முதல் கதையும், அதைக் கேட்டவருக்கு நேர்ந்ததும்தான்.

இலங்கையின் கற்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் அப்போது பல வீடுகளின் உம்மாமார் "வெளிநாட்டில்" இருந்தார்கள். என் உம்மா சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டுத் தொலைபேசியைத் தொட அவருக்கு அனுமதியில்லை. கடிதம் எழுதவும் வாசிக்கவும் அவ்வளவாக வராது. ஆகவே யாராவது விடுமுறை முடிந்து திரும்பிப் போகும்போது நாங்கள் எங்கள் குரலைப் பதிந்து "கசெட் பேசி" அனுப்புவோம். தம்பிக்கு ஐந்து வயது. ரெக்கோடர் வேலை செய்கிறதா என்று வாப்பா ஒருநாள் அதில் ஊதிப் பார்த்ததைக் கண்டதிலிருந்து, ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாக ஓடிவந்து "உஃப்" என்று ஊதிவிட்டுத்தான் எங்களைப் பேச விடுவான். அந்த உரிமையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த வருஷம், வெங்காயம் நட்ட கையோடு, தம்பி தோட்டத்துக் கிணற்றுக்குள் விழுந்தான். தரையோடு தரையாக இருந்த, சுற்றிக் கட்டாத கிணறு. தண்ணீர் இறைக்க வந்தவர் குதித்துத் தூக்கியபோது மூச்சு இருந்தது, நினைவு இல்லை. வாப்பாவின் அக்காவான மாமி ஆஸ்பத்திரியில் அவனோடு நின்றுகொண்டார். இரண்டாம் நாள் பகல் வாப்பா வீட்டுக்கு வந்து ரெக்கோடரை எடுத்துக் கதிரையில் வைத்தார். உம்மா இருந்த ஊரிலேயே வேலை செய்த ரபீக்கா ராத்தா அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேனில் புறப்படுகிறார், அவர் கையில் கசெட் போகாவிட்டால் உம்மாவுக்குச் சந்தேகம் வரும், போனாலும் தம்பி விழுந்த கதை அதில் ஒரு சொல்லும் இருக்கக்கூடாது என்றார். ஏன் என்று கேட்டேன்.

"அங்க தெரிஞ்சா அவ என்ன செய்யிற? பாஸ்போட் அந்த வீட்டுக்காரங்கட அலுமாரிக்குள்ள. கடல்ல நடந்து வரவா?"

வாப்பா சலாம் சொல்லி, இரண்டு வார்த்தைக்கு மேல் முடியாமல் ரெக்கோடரை என் பக்கம் தள்ளினார். தம்பி எங்கே என்று உம்மா தேடுவார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவனைக் கொய்யா மரத்தில் ஏற்றினேன். நீங்கள் அனுப்பிய பச்சைச் சட்டைதான் போட்டிருக்கிறான், கூப்பிட்டால் இறங்கி வருகிறான் இல்லை, பாதி கடித்த காயை என் தலையில் எறிகிறான், ஆட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டு மாமியிடம் அடி வாங்கினான் என்று அடுக்கிக்கொண்டே போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கு அது இனித்தது. அதை ஒப்புக்கொள்ள இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அப்போது ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வருவதென்றால் மோட்டார் சைக்கிளில்தான் வரும். அது எங்கள் வேலியோரம் வேகம் குறைந்தது. வாப்பாவின் விரல் நிறுத்துகிற பொத்தானுக்கு மேலே நின்றது, அமுக்கவில்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டே, தம்பி கிளையில் உட்கார்ந்து கால் ஆட்டுகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மீன்காரர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, யாரும் எழும்பி வராததால் போய்விட்டார். அஸர் பாங்கு சொல்லும்போது கசெட் ரபீக்கா ராத்தாவின் கைப்பைக்குள் இருந்தது.

ஒன்பதாம் நாள் தம்பி வீட்டுக்கு வந்தான். பேச்சு குறைந்திருந்தது, தண்ணீரைக் கண்டால் நடுங்கினான், ஆனால் வந்துவிட்டான். நாங்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு அந்தக் கசெட்டை மறந்தே போனோம். ஒன்றரை மாதம் கழித்து உம்மாவின் பதில் கசெட் வந்தது. எல்லோரையும் சுகம் விசாரித்தார். பிறகு, "மகள் கதை நல்லாச் சொல்லி ஈக்கிறா. தம்பி ஏன் ஊதல்ல?" என்றார். அதன் பின் நாடா வெறுமனே சுற்றியது.

வாப்பா அன்றே தம்பியைத் தூக்கிவந்து ரெக்கோடர் முன் இருத்தினார். அவன் ஊதினான். ஆனால் அந்த ஒரு ஊதலைக் கொண்டுபோக ஆள் கிடைத்து அது உம்மாவிடம் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மாதம் ஆயிற்று. உம்மா ஊருக்கு வந்த பிறகு ஒருநாள், மீன் வெட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ சொன்ன கொய்யா மரத்துக்குக் கீழதான் மூணு மாசம் இருந்தன், மகள். அவன் ஈக்கானா மவுத்தாகிட்டானா எண்டு தெரியாம, அவங்கட புள்ளைகளுக்குச் சோறு தீத்தினன்."

எழுத வருகிற பிள்ளைகளே, இதைவிட எனக்குச் சொல்லத் தெரியாது. புனைவது இனிக்கும், இனிக்கட்டும். ஆனால் நீங்கள் கட்டுகிற மரத்தடியில் யாரோ ஒருவர் உண்மையாகவே போய் உட்காரப்போகிறார். நீங்கள் எழுதியதைவிட, எழுதாமல் விட்டதைத்தான் அவர் காது தேடும். நான் பச்சைச் சட்டையையும் ஆட்டுக் கயிற்றையும் சொன்னேன். அவனுடைய மூச்சை வைக்க மறந்தேன்.

அந்தக் கிணற்றைச் சுற்றி இப்போது சீமெந்துக் கட்டு இருக்கிறது. ரெக்கோடர் எங்கே போனதென்று தெரியாது; மிஞ்சிய கசெட்டுகளின் நாடாவில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஒன்றரை மாதம் காத்திருந்து கேட்கிற குரல் என்று இப்போது ஒன்றும் இல்லை. தம்பி கட்டாரில் வாகனம் ஓட்டுகிறான், கைப்பேசியில் தினமும் குரல் அனுப்புகிறான், நாற்பது வயதிலும் ஊதிவிட்டுத்தான் பேசுவான். போன வாரம் ஏதோ அவசரத்தில் ஊதாமல் பேசிவிட்டான். சுகம் என்றான், வேலை பரவாயில்லை என்றான், வெயிலைப் பற்றிச் சிரித்தான். உம்மா முழுவதையும் கேட்டுவிட்டுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"அவன ஊதச் சொல்லு."