காலியாகத் தெரிந்த குப்பி

போன வாரம் கடலூர் முதுநகரில் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ரொம்ப நாளாகக் கால் எரிச்சல். சர்க்கரையாக இருக்கும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தியிருந்தார்கள்.

ஊசியோடு வந்த பெண் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அண்ணா! நீங்களா? இன்னும் ஊர் சுத்திக்கிட்டுதான் இருக்கீங்களா?"

கலைவாணி. நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். "ஊசிக்கே இப்படியா?" என்றாள்.

ஊசிக்கு இல்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்று இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். மீன் லாரியில் கிளீனர், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸ் கழுவுவது... ஓரிடத்தில் ஆறு மாதம் நின்றதில்லை. போன வருஷம் சிதம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் தற்காலிக வேலை. அங்கேயும் கழுவுவதுதான்.

கலைவாணி அங்கே ஆராய்ச்சி மாணவி. கடலூர்ப் பக்கம் மீனவர் வீட்டுப் பெண். மூன்று மாதமாக ஒரே ஒரு பொருளுக்காகக் காத்திருந்தாள். எலிப் புரதம்!

"எலியப் புடிச்சு அரைச்சதா பாப்பா?"

"அய்ய, இல்லண்ணா! எலியோட ஜீன எடுத்து பாக்டீரியாவுக்குள்ள வெச்சு, அத வெச்சே தயார் பண்றாங்க. எலி எங்கயோ நிம்மதியா இருக்கும்."

"எதுக்கு இவ்ளோ பாடு?"

"வயித்துல கொழந்தைக்குக் கை முளைக்குது இல்ல? எந்த செல்லு கட்டைவிரல் ஆவணும், எது சுண்டுவிரல் ஆவணும்னு சேதி சொல்றது இந்தப் புரதம்தான். சேதி போனா என் தட்டுல இருக்கிற செல்லுங்க மாறணும். மாறிச்சுன்னா நான் நெனச்சது சரி."

மாறாவிட்டால்? நாலு வருஷ யோசனை தப்பு. உதவித்தொகை முடிய ஒரு மாதம்தான் பாக்கி. இன்னொரு முறை வரவழைக்க நேரமில்லை.

ஒருநாள் அந்தப் புரதம் பெரிய தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து வந்தது. உள்ளே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய பெட்டி... நானாக ஒரு பாட்டிலைக் கற்பனை செய்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, மதியம். அவள் மேஜையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குப்பி நின்றது. தூக்கிப் பார்த்தேன் — காலி. டீக்கடையில் பழகிய கை சும்மா இருக்குமா? கழுவினேன். மூடியையும் சேர்த்துத்தான். உதறி, சூட்டுப் பெட்டியில் காயவைத்து, மறுபடி மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஒட்டியிருந்த லேபிள் நனையவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு!

ஒரு மணி நேரம் கழித்து வந்தவள், அதை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"காலியால்ல இருக்கு?" என்றேன்.

"கண்ணுக்கே தெரியாதுண்ணா. அவ்ளோ கொஞ்சம்தான் வரும். காஞ்சி போயி மூடியிலயும் ஓரத்துலயும் ஒட்டிக்கிட்டிருக்கும். மெஷின்ல சுத்தி கீழ எறக்கணும். அந்த மெஷினுக்குத்தான் பக்கத்து ரூம்ல காத்துக் கெடந்தேன்."

கழுவிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை.

வேலை போய்விடும் என்று பயமா? இல்லையே... எந்த வேலையைத்தான் நான் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்! கழுவிய குப்பியும் கழுவாத குப்பியும் பார்க்க ஒன்றுதான். அந்த வசதிதான் என் வாயை அடைத்தது.

அவள் அதில் மருந்துத் தண்ணீர் விட்டு, அளந்து அளந்து தட்டில் சேர்த்தாள். நாலு நாள் காலையில் முதல் ஆளாக வந்து பார்த்தாள். செல்கள் அப்படியே இருந்தன. ஐந்தாம் நாள் தட்டை என்னிடம் நீட்டினாள்.

"கழுவிடுங்கண்ணா. நான் நெனச்சதே தப்பு."

கழுவினேன். அந்த வாரமே ஊரை விட்டுப் போனேன்.

ஆராய்ச்சியை விட்டு ஊசி பிடிக்க வந்துவிட்ட அவள், முதுநகரில் என் ரத்தத்தை எடுத்து, குப்பியில் என் பெயரை ஒட்டும்போது சொன்னேன். "பாப்பா... அன்னிக்கு அந்த எலிப் புரதம்... குப்பி காலின்னு நெனச்சு நான் கழுவிட்டேன்."

லேபிளை ஒட்டிய விரல் அப்படியே நின்றது.

"எப்போ? நான் தண்ணி விடறதுக்கு முன்னாடியா?"

"ஆமாம்மா."

"அப்ப... செல்லுக்கு ஒண்ணுமே போவலியா? நான் நெனச்சது தப்புன்னு சொல்ல முடியாது இல்ல? சொல்லுங்கண்ணா, தப்பில்ல இல்ல?"

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "நெக்ஸ்ட்" என்று வெளியே குரல் கொடுத்தாள்.

ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் இதே பத்தியில் வாரா வாரம் உங்களிடம் எவ்வளவு பேசியிருப்பேன்! அவளிடம் பேச வேண்டியிருந்தது இரண்டே சொல்: "நான் கழுவிட்டேன்."