ரீக்கா பிடித்த சங்கிலி

ரீக்கா யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை. வால் என்கிற ஆற்றின் கரை ஊர்களில் முப்பது வருஷம் பேருந்து ஓட்டினாள். அத்தனை வருஷத்தில் விடுப்பு வேண்டும் என்று ஒருவர் முன்னாலும் நின்றதில்லை. "நாளைக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். புருஷன் கோஸ் இறந்த வாரம் அக்கம்பக்கத்தார் சட்டி சட்டியாகச் சூப் கொண்டுவந்தார்கள். வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரமே தானும் சூப் வைத்து, கழுவிய சட்டிகளில் ஊற்றி, வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தன் காலில் நிற்கிறவள் என்று ஊரில் மெச்சுவார்கள். எனக்கு அது வீம்பு என்றுதான் படும். ஆனால் அவளுடைய வீம்பையும் சேர்த்துத்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

பண்ணைக்காரன் பரென்டை அவள் முதலில் பார்த்தது வெள்ளக் குளிர்காலத்தில். ஆறு கரைமேட்டின் விளிம்புவரை ஏறிவிட்டது, எல்லா ஊரையும் காலி செய்யுங்கள் என்று உத்தரவு. பேருந்தில் ஆள் ஏற்றிக்கொண்டே வந்தவள் கடைசிப் பண்ணை வாசலில் நிறுத்தினாள். மனைவி ஆஃப்கே ஏறிவிட்டாள். பரென்ட் மட்டும் நாயைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். நாய்க்கு வண்டி ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுக்கும் என்றான்.

"எடுத்தா நான் தொடைக்கிறேன். நீ ஏறு" என்றாள் ரீக்கா.

ஏறினான். நாய் சொன்னபடி வாந்தி எடுத்தது. அவளும் சொன்னபடி துடைத்தாள். அழுதுகொண்டு வந்த பேருந்தில் முதலில் சிரித்தவள் ஆஃப்கே.

கரை உடையவில்லை, எல்லாரும் வீடு திரும்பினார்கள். பிறகு வெகுகாலம் இருவருக்கும் இடையில் தலையசைப்பு மட்டும்தான். கோஸ் போனான், சில வருஷம் கழித்து ஆஃப்கே போனாள். ஒரு வியாழக்கிழமை இருவரும் தனித்தனியாகக் கரைமேட்டில் நடக்கக் கிளம்பி, ஒரே திசையில் போக நேர்ந்தது. இவள் வேகத்தைக் குறைக்கவில்லை, அவன் கூட்டவும் இல்லை. வேறு வழியில்லாமல் சேர்ந்து நடந்தார்கள். அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக வியாழக்கிழமை என்றால் நடைதான்.

காலையில் தேவாலயத்து வாசலில் சந்திப்பார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அவரவர் பையில். காப்பி மட்டும் அவளுடைய பிளாஸ்க்கில். பிஸ்கட் டப்பா அவனுடையது; ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடிவிடுவான். இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டியவரைப் பற்றி எங்கள் பக்கத்தில் வருஷக்கணக்கில் பேசுவார்கள். காப்பி குடித்து முடிக்கிற நேரத்தில் பரென்ட் தவறாமல் ஒரு கேள்வி கேட்பான்: "அடுத்த வியாழன் எந்தப் பக்கம்?" அவள் ஒரு பக்கம் சொல்வாள், அவன் தலையாட்டுவான்.

இந்த வியாழக்கிழமை அவனுக்கு முன்பே வந்து நின்றவள் அவள். செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கடையில் ஒரு செய்தி காதில் விழுந்திருந்தது. வடக்கே இருக்கிற பரென்டின் மகன் தன் வீட்டுக்குப் பின்னால் அப்பாவுக்கென்று சின்ன வீடு கட்டி முடித்துவிட்டானாம். கடைக்காரி அதை ரொட்டி வெட்டுகிற சத்தத்தோடு சொன்னாள். ரீக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, எதற்காக வந்தோம் என்று தெரியாமல் சைக்கிள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அவனே சொல்லட்டும் என்று வைராக்கியமாகக் காத்திருந்தாள்.

அவன் சொல்லவில்லை. சரக்குப் படகு ஒன்று மணல் ஏற்றிப் போவதைப் பார்த்துப் பேசினான். செங்கல் சூளைப் புகைபோக்கியில் நாரை கூடு கட்டியதைப் பேசினான். ஆற்றோர மேய்ச்சல் நிலத்தில் மாடுகளைப் பார்த்ததும் நின்று, இது நல்ல பால் மாடு, அது சும்மா தின்கிறது என்று பழைய பழக்கத்தில் தரம் பிரித்தான். அவள் உம் கொட்டிக்கொண்டு நடந்தாள்.

வால் கரையை விட்டிறங்கி, பேரிக்காய்த் தோட்டங்கள் வழியே லிங்கே ஆற்றுப் பக்கம் திரும்பினார்கள். இந்தச் சமவெளியில் அடுத்த ஊர்க் கோபுரம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும். நடந்துகொண்டே இருந்தாலும் அது தெரிந்துகொண்டே இருக்கும், வராது. நடுவில் ஒரு ஊரில் திரை போடாத ஜன்னல்களுக்குள் ஆட்கள் காப்பி குடித்தபடி கையசைத்தார்கள். தோட்ட வாசலில் செர்ரி வாங்கி, தின்றுகொண்டே போனார்கள். கொட்டையை யார் தூரமாகத் துப்புவது என்று அவர்களுக்குள் போட்டி உண்டு. ஜெயிப்பவள் ரீக்கா, ஆட்டத்தில் குறை கண்டுபிடிப்பவன் பரென்ட். அன்றைக்கு அவன் போட்டிக்கு வராமல் கொட்டைகளைக் கையில் துப்பிச் சேர்த்துக்கொண்டே வந்தான். அதைப் பார்த்ததும்தான் அவளுக்குச் செய்தி உண்மை என்று உறைத்தது.

லிங்கேயை எட்டுவதற்கு முன்னால் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தார்கள், காப்பி ஊற்றினாள், ஆளுக்கு ஒரு பிஸ்கட், டப்பா மூடியது. தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாத்துகளைப் பார்த்தபடி பரென்ட் சொன்னான், மகன் வீடு தயார், திங்கட்கிழமை சாமான் ஏற்ற வண்டி வருகிறது என்று.

"நல்லதுதானே" என்றாள் ரீக்கா. "புள்ளைங்க பக்கத்துல இருக்கறது நல்லதுதான்."

"ஆமா. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

அவ்வளவுதான். அவன் கோப்பையைக் கவிழ்த்து உதறினான். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க அடுத்த வியாழன் ஏது? ரீக்கா பிளாஸ்க்கை மூடிய வேகத்தில் மூடி மரை மாறிச் சிக்கிக்கொண்டது. நல்லதுதானே என்று சொன்ன தன் வாயை அங்கேயே தைத்துவிடலாம் போல இருந்தது. எழுந்து மடமடவென்று நடந்தாள்.

ஆற்றங்கரைக்கு வந்ததும்தான் தொப்பியைப் பெஞ்சிலேயே விட்டது பரென்டுக்கு நினைவு வந்தது. எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று திரும்பினான். அவள் காத்திருக்கவில்லை.

லிங்கேயில் அந்த இடத்தில் பாலம் கிடையாது. ஒரு மிதவைதான், ஓட்ட ஆளும் இல்லை. இரண்டு கரையிலும் ஒரு சக்கரம், இரண்டிலும் மிதவையில் மாட்டிய சங்கிலி. மிதவை எதிர்க்கரையில் நின்றால் சக்கரத்தைச் சுற்றி இழுத்துக்கொள்ள வேண்டும். இரு கரைக்காரர்களும் ஒரே நேரத்தில் சுற்றிவிட்டு, மிதவை நடு ஆற்றில் நிற்க, ஒருவரையொருவர் முறைப்பது ஞாயிற்றுக்கிழமை வாடிக்கை. ரீக்கா ஏறி, சங்கிலியைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் போய் இறங்கினாள்.

திரும்பிப் பார்த்தால் புல்வெளிக்கு நடுவில் அவன் வருவது தெரிந்தது. இந்த ஊரில் ஒருவர் வருவதையும் போவதையும் வெகுநேரம் பார்க்கலாம். திங்கட்கிழமை அந்த வண்டி போவதையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மிதவையில் மாட்டியிருந்த சங்கிலியை இழுத்துக் கரைக் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வந்து சக்கரத்தைச் சுற்றினான். சங்கிலி விறைத்தது, மிதவை அசையவில்லை. சைக்கிளில் வந்த இரண்டு கிழவிகள், ஒரே நிற மழைக்கோட்டு, அக்கா தங்கை போலிருந்தது, அவன் பின்னால் வந்து வரிசையில் நின்றார்கள்.

"ரீக்கா, எங்கயோ சிக்கியிருக்கு பாரு."

"சிக்கல. நான் புடிச்சிருக்கேன்."

"எதுக்கு?"

வெள்ளத்தன்று நாயோடு நின்ற மனிதனிடம் ஏறு என்று சொல்வதற்கு அவளுக்கு ஒரு நொடி ஆகவில்லை. அது உத்தரவு, சுலபம். இது அப்படி இல்லையே.

"பெஞ்சுல நல்லதுன்னு சொன்னேன்ல? அது பொய்" என்று கத்தினாள். இருபதடி தண்ணீரைத் தாண்ட வேண்டுமே, கத்தாமல் முடியாது.

பரென்ட் சக்கரத்தை விட்டுவிட்டான். "நீதான் ஒண்ணுமே சொல்லல. ரொட்டிக்கடைல செவ்வாக்கிழமையே தெரிஞ்சிருக்கும் உனக்கு. காலைலேருந்து பாத்துக்கிட்டே வரேன், ஒரு வார்த்தை சொல்வியான்னு."

"நீ ஏன் சொல்லல?"

"உன்கிட்ட போய் என்னத்தச் சொல்றது? உனக்குத்தான் யாருமே வேணாமே."

அக்கா தங்கை இருவரும் வாத்துகளை மிகவும் அக்கறையாகப் பார்த்தார்கள். பிறகு மூத்தவள், "அம்மா, என்ன கேக்கணுமோ சட்டுனு கேட்டுடுங்க. மழை வருது" என்றாள்.

ரீக்கா வானத்தைப் பார்த்தாள். மழை வரத்தான் செய்தது.

"போகாத பரென்ட்" என்றாள். சத்தம் பாதிதான் வந்தது. அக்கரைக்குக் கேட்டிருக்குமோ என்று மறுபடி சொன்னாள். "எனக்காக இரு. கேக்கறேன்."

அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"சங்கிலிய விடு."

"மொதல்ல பதில் சொல்லு."

"அங்க வந்து சொல்றேன். நான் உன்னை மாதிரி ஊர் கேக்கக் கத்தற ஆள் இல்ல."

பதில் தெரியாமல் பிடியை விடுவது அவளுக்குச் சுலபமாக இல்லை. விட்டாள். அவன் மறுபடி சக்கரத்தைச் சுற்ற, மிதவை தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு அவன் பக்கம் போயிற்று. அவன், இரண்டு கிழவிகள், இரண்டு சைக்கிள் என்று நெருக்கியடித்து ஏறினார்கள். மிதவையில் ஏறியவரே இழுத்துக்கொள்வதுதான் இங்கே முறை. அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பவளே ரீக்காதான். இருந்தும் அவன் சங்கிலியில் கை வைப்பதற்குள் இவள் தன் கரைச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். பாரமாகத்தான் இருந்தது. தோள் கடுத்தது. மழை கண்ணில் இறங்கியது, மழை மட்டுமே இறங்கியது என்று நான் சொல்லப் போவதில்லை.

மிதவை கரையில் இடித்தது. பரென்ட் இறங்கி, பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து அவளிடம் நீட்டினான்.

"அடுத்த வியாழன் எந்தப் பக்கம்?"

ரீக்கா தலை குனிந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"வந்து சேந்துட்டோம்மா" என்றாள் மூத்தவள், சைக்கிளை இறக்கியபடி. "விடுங்க, பிஸ்கட் நனையுது."